ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: முதல் முறை ஆடுபவர்கள் எந்த நாகரிகத்தை எடுக்கலாம்?

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக்கு லீவுக்கு வந்த அத்தை மகன், ஊர் கட்டிப் படை திரட்டிச் சண்டை போடும் கேமான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷனை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, நாகரிகப் பட்டியலைப் (நாம் எடுத்து ஆடும் மக்கள் கூட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சலுகைகள்) பார்த்து மலைத்து உட்கார்ந்துவிட்டான். "எதண்ணே எடுக்கறது?" என்றான். இரண்டு மாதம் தோற்ற பிறகுதான் எனக்கே இதற்குப் பதில் கிடைத்தது. அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கேமை நிறுவுவது, ஆட்களைத் தேர்ந்தெடுத்து நகர்த்துவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள்

2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' தொகுப்பில் திராவிடர்கள் என்ற நாகரிகம் இருக்கிறது. அதன் வொண்டர் (அந்த நாகரிகத்தின் பெருமைச் சின்னம்) கட்டடம் நம் தஞ்சைப் பெரிய கோயில். அதைத் திரையில் பார்த்த அன்று எனக்குச் சிலிர்த்துவிட்டது, வேறு எதையும் யோசிக்காமல் அதையே எடுத்தேன். அதோடு அரேபியா மேப். அது நாலாபுறமும் திறந்த வெளி.

திராவிடர்களின் பலம் காலாட்படையும் கடலும். திரிசடை என்று அவர்களுக்கே உரிய கப்பல் இருக்கிறது, மீனவர்கள் ஒரு நடைக்குக் கூடுதலாக மீன் சுமப்பார்கள். ஆனால் நைட் என்கிற குதிரை வீரன் கிடையாது. தண்ணீரே இல்லாத மேப்பில், எதிரி நைட்களோடு வந்து வில்லேஜர்களை (வேலையாட்களை) வெட்டும்போது துரத்திப் பிடிக்க வேகமும் பலமும் உள்ள படை என்னிடம் இல்லை. நாகரிகம் நல்லதுதான், நான் அதை இறக்கிய நிலம்தான் வேறு.

எங்கள் அப்பா குறுவைக்கு விதை எடுக்கும்போது ரகத்தின் பெயரைப் பார்க்க மாட்டார். மேட்டூர் எப்போது திறக்கிறார்கள், மழைக்கு முன் அறுப்பு முடியுமா என்று நாளைத்தான் எண்ணுவார். பொன்மணி எவ்வளவு நல்ல ரகமாக இருந்தாலும் அதைச் சம்பாவுக்குத்தான் வைப்பார். குறுவைக்கு ஆடுதுறை 43 மாதிரிக் குறுகிய நாள் ரகம்தான். நாகரிகத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

படி 2: ஃபிராங்க்ஸை எடுங்கள்

என் தேர்வு இதுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1999-இல் கேம் வந்தபோதே இருந்த நாகரிகம் என்பதால் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. இவர்களுடைய சலுகைகள் தாமாகவே வேலை செய்யும், நாம் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். மில் (உணவு சேர்க்கும் கட்டடம்) கட்டியிருந்தால் வயலுக்கான மேம்பாடுகள் அந்தந்த யுகத்தில் (ஆட்டம் டார்க், ஃபியூடல், கேஸில், இம்பீரியல் என்று நான்கு யுகங்களாக வளரும்) இலவசமாக வந்துவிடும். குதிரைப் படைக்கு உயிர் 20 சதவீதம் கூடுதல். மற்றவர்களின் நைட்டுக்கு 100 என்றால் நமக்கு 120. கைதவறி ஒரு சண்டையில் மாட்டிக்கொண்டாலும் நைட் தப்பித்து வர அந்த 20 உதவுகிறது.

பிரிட்டன்ஸும் எளிது என்பார்கள். வில்லாளிகளின் எட்டும் தூரம் அதிகம்தான், ஆனால் கல்லெறியும் வண்டி வந்தால் அவர்களை ஓயாமல் பிரித்து நகர்த்த வேண்டும். புதியவர்களின் கை அவ்வளவு வேகமாக ஓடாது. சைனீஸ் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். கூடுதல் வில்லேஜர்கள் கிடைப்பார்கள், ஆனால் தொடக்கத்தில் அவர்களை வளர்க்க உணவு இருக்காது.

படி 3: மேப் அரீனா, எதிரி ஸ்டாண்டர்ட் கம்ப்யூட்டர்

அரீனாவில் ஊரைச் சுற்றி மதில் இருக்கும், நிதானமாகப் பொருளாதாரத்தைக் கற்றுக்கொள்ளலாம். சரி, இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

படி 4: கேஸில் யுகத்துக்குக் காத்திருக்கும் அந்த 160 நொடி

நான் அதிகம் தடுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். கேஸில் யுகத்துக்கு 800 உணவும் 200 தங்கமும் வேண்டும். கூடவே ஃபியூடல் யுகக் கட்டடங்கள் இரண்டு வேண்டும். ஸ்டேபிளும் (குதிரைப் படைக் கூடம்) பிளாக்ஸ்மித்தும் (ஆயுதப் பட்டறை) கட்டிவிடுங்கள், இரண்டுமே நைட்டுக்குப் பயன்படும். 800 உணவு சேர்க்க எல்லோரையும் வயலில் இறக்கியிருப்போம். யுகம் மாற்றும் பட்டனை அழுத்தியதும் "அப்பாடா" என்று சாய்ந்துவிடுவேன். யுகம் மாறும், ஸ்டேபிளைத் திறப்பேன், நைட் எடுக்கத் தங்கம் இருக்காது. களம் நிறைய நெல், கையில் காசு இல்லை என்கிற நிலைமை.

கணக்கைப் பாருங்கள். ஒரு நைட்டுக்கு 60 உணவு, 75 தங்கம், 30 நொடி. ஒரே ஸ்டேபிள் நிற்காமல் ஓடினால் நிமிடத்துக்கு 120 உணவு, 150 தங்கம். டவுன் சென்டரில் (ஊரின் மையக் கட்டடம்) வில்லேஜர் ஒருவருக்கு 50 உணவு, 25 நொடி. அதுவும் நிமிடத்துக்கு 120 உணவு. ஆக மொத்தம் 240 உணவு, 150 தங்கம். ஆகவே, பட்டனை அழுத்திய கையோடு சுரங்கத்துக்கு ஆள் அனுப்புங்கள். யுகம் மாறும் நேரத்தில் எட்டுப் பேர் தங்கத்திலும், பதினான்கு பேர் வயலிலும் இருந்தால் எனக்குச் சரியாக ஓடுகிறது. இரண்டாவது ஸ்டேபிளுக்கு அவசரம் வேண்டாம். அதைக் கட்டினால் தங்கத் தேவை இரண்டு மடங்காகும்.

படி 5: இரண்டு விசைகள், ஒரு மவுஸ்

டச்பேடில் இந்த கேமை ஆட முடியாது. சாதாரண வயர் மவுஸ் போதும், பேட்டரி தீரும் கவலை இல்லை. எச் அழுத்தினால் டவுன் சென்டர், உடனே க்யூ அழுத்தினால் ஒரு வில்லேஜர். எங்கே சண்டை நடந்தாலும் விரல் இதை மறக்கக் கூடாது. இது பழகிவிட்டால் பாதி ஆட்டம் கைக்கு வந்துவிடும். பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோவை இப்போது பார்க்க வேண்டாம்; கேமிலேயே 'ஆர்ட் ஆஃப் வார்' என்ற பயிற்சிகள் இருக்கின்றன, முதல் இரண்டை வெள்ளிப் பதக்கம் வரும்வரை ஆடுங்கள். அப்புறம், எங்கள் பக்கம் போல மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர் என்றால் யுகம் மாறும்போதெல்லாம் சேவ் செய்துவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது: ஃபிராங்க்ஸ் எடுத்தால் மில்லில் 'ஹார்ஸ் காலர்' என்ற வயல் மேம்பாட்டின் பட்டனே காணோம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அது இலவசமாக ஏற்கெனவே வந்துவிட்டது, அதனால்தான் பட்டன் இல்லை. வயலைச் சொடுக்கிப் பார்த்தால் உணவு கூடியிருப்பது தெரியும்.

வீடு கட்ட மறந்துபோகிறது, ஹன்ஸ் நாகரிகத்தை எடுக்கலாமா என்று மயிலாடுதுறையிலிருந்து ஒருவர் கேட்டார். ஹன்ஸுக்கு வீடே தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அதிலேயே பழகிவிட்டால் வேறு நாகரிகத்துக்கு மாறும்போது, ஒரு வீட்டுக்கு ஐந்து பேர்தான் என்பதால், ஒவ்வொரு ஐந்து வில்லேஜருக்கும் ஆட்டம் நிற்கும். வீட்டுக்கு 25 மரம்தான், இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

திராவிடர்களை எப்போது எடுக்கலாம் என்று அத்தை மகனும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான். ஸ்டாண்டர்டுக்கு அடுத்த நிலையான மாடரேட் கம்ப்யூட்டரை ஃபிராங்க்ஸோடு மூன்று முறை ஜெயித்த பிறகு, தண்ணீர் உள்ள மேப்பில் எடு என்றேன். நேற்று ராத்திரி ராஜேந்திர சோழன் கேம்பெய்னைத் தொடங்கிவிட்டான்.