மொன்டூனோ வாசிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

கியூப நடன இசையில் பியானோ விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கும் துண்டு மெட்டை குவாஹேயோ என்பார்கள். பியானோக்காரர்கள் பலருக்கு அது மொன்டூனோ. யூடியூபைப் பார்த்து ஒரே மாலையில் ஸ்வரங்களைப் பிடித்துவிடலாம். அப்புறமும் பாட்டோடு ஒட்டாது. கோளாறு பெரும்பாலும் கிளாவேயில் இருக்கும்.

கிளாவே என்பது இரண்டு பாருக்குள் (ஒரு பாருக்கு நாலு பீட்) ஐந்து தட்டு: ஒரு பாரில் மூன்று, மற்றதில் இரண்டு. இரண்டு தட்டுப் பக்கம் முதலில் வந்தால் 2-3. அதற்குரிய வழக்கமான மொன்டூனோவை வாயால் சொல்லிப் பாருங்கள் (‘இரண்டரை’ என்றால் இரண்டாவது பீட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்). முதல் பார்: ஒன்று, இரண்டு, இரண்டரை, மூன்றரை, நாலரை. அடுத்த பார்: ஒன்றரை, இரண்டரை, மூன்றரை, நாலரை. இரண்டாவது பாரில் ஒரு அடிகூட பீட்டின் மேல் விழவில்லை, கவனித்தீர்களா? புதியவர்கள் பயந்துபோய் அங்கே ஒரு ‘ஒன்று’ சேர்த்துவிடுவார்கள். மொத்த இழுப்பும் அதோடு போச்சு.

இதைவிட மோசமானது பக்கம் மாறிப்போவது. பாட்டு 3-2இல் ஓடும்போது ‘ஒன்று, இரண்டு’ பாரை மூன்று தட்டுப் பக்கத்தில் வைத்தால் ஸ்வரமெல்லாம் சரியாக இருந்தும் கேட்க உறுத்தும். இதற்கு க்ருசாடோ என்று பெயர். காலால் பீட் போட்டு, கையால் கிளாவே தட்டி, வாயால் மொன்டூனோ சொல்லிப் பழகாமல் பியானோ பக்கமே போகாதீர்கள் என்பேன்.

கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறும் இடமும் தடுக்கும். டும்பாவோ என்கிற, பேஸ் திரும்பத் திரும்ப வாசிக்கும் துண்டு, அடுத்த பாரின் கார்டை நாலாவது பீட்டிலேயே தொட்டுவிடும். பியானோ பெரும்பாலும் நாலரையில். ‘ஒன்று’க்காகக் காத்திருந்தால் தாமதம்தான்.

ஜாஸ் பழகியவர்கள் ஸ்விங் (அரை பீட்டைச் சற்றுத் தள்ளிப்போடும் அசைவு) சேர்க்காமல் நேராக வாசித்தாலே பாதி சரியாகிவிடும். சஸ்டெய்ன் பெடலில் காலை வைக்கவே வேண்டாம்.

இரண்டு சுற்று முடிவதற்குள் வேரியேஷன் போடுகிறவர்களும் உண்டு. மேலே கோரோவும் (குழுப் பாடல்) சோலோவும் நடக்கும்போது கீழே தரை ஆடினால் எப்படி? கியூப இசைக்கலைஞர் அர்செனியோ ரோட்ரிகஸ் 1940களில் தன் கொஞ்சுந்தோ என்ற இசைக்குழுவில் பியானோவையும் காங்கா மேளத்தையும் சேர்த்தபோது, த்ரெஸ் (கியூப கிதார்), பியானோ, பேஸ் ஒவ்வொன்றும் தன் சுழற்சியை விடாமல் பிடித்ததில்தான் அந்தக் கனம் வந்தது.

இவ்வளவும் படித்துவிட்டு எல்லாக் கியூப இசையிலும் கிளாவேயைத் தேடக் கிளம்பிவிடாதீர்கள். கியூபாவின் குவாந்தானமோ பக்கத்துச் சாங்குவி என்ற இசையில் த்ரெஸ், பொங்கோ, மரிம்புலா, குவாயோ, மராக்காஸ் என்று வாத்தியங்கள் எல்லாம் உண்டு. கிளாவே தட்டும் கட்டை மட்டும் கிடையாது.