தொப்பூர் ஏற்றத்தில் பழைய டீசல் ஆட்டோமேட்டிக் திணறுகிறதா?

சேலத்திலிருந்து தருமபுரி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்றால், உடனே கியர்பாக்ஸைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். முதலில் ஆர்பிஎம் முள்ளை (இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுவது) கவனியுங்கள். முள் சரசரவென்று ஏறியும் வேகம் கூடவில்லையா? கியர் வழுக்குகிறது. முள்ளே ஏறவில்லை என்றால் பெரும்பாலும் இன்ஜின் பக்கம்தான் கோளாறு: டீசல் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸில் (டர்போவின் காற்றுக் குழாய்) விரிசல் இப்படி. பழைய டீசல் வண்டிகளில் இது சகஜம், செலவும் குறைவு.

வழுக்கினால் அடுத்தது கியர் ஆயில். பல வண்டிகளில் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் சூடாக ஓடும்போதே அளவு பார்க்க வேண்டும். முறை வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வையுங்கள். கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்கின்றன. பால் கலந்த ரோஸ் நிறமாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. அதற்கு மேல் ஓட்டவே ஓட்டாதீர்கள், டோ பண்ணிக் கொண்டுபோங்கள்.

ஒரே கியரில் சிக்கிக்கொண்டால்? பேட்டரி வோல்டேஜ், ஒயர் கனெக்டர் பார்த்துவிட்டு, ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் கருவி) போடச் சொல்லுங்கள். அப்புறம், ஆயில் குறைந்திருந்தால் ஊற்றுவதோடு விடாமல் எங்கே கசிகிறது என்றும் தேடச் சொல்லுங்கள்.