சீனச் செதுக்கு லாக்கர்: சின்னத்தைப் படிக்கும் முன் கத்தி வேலையைப் பாருங்கள்

லாக்கர் (lacquer) என்னும் மரப்பால் பூச்சில் மேலெல்லாம் பூவும் பறவையுமாகச் செதுக்கிய சிவப்புச் சீனப் பெட்டி ஒன்று கண்ணில் பட்டால், பலரும் முதலில் அதிலுள்ள டிராகனுக்கும் பீச் பழத்துக்கும் என்ன பொருள் என்றுதான் தேடுகிறார்கள். பொருள் கிடைத்ததும் பெட்டி பழையது, அரண்மனையைச் சேர்ந்தது என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். வௌவால், பீச், தாமரை எல்லாம் மிங் அரச வம்சக் காலப் பெட்டியிலும் உண்டு, அதற்குப் பின் வந்த சிங் வம்சக் காலப் பெட்டியிலும் உண்டு, இன்று அச்சில் வார்த்து விற்கும் பிசின் டப்பாவிலும் உண்டு. காலமும் தரமும் தெரிய வேண்டுமானால் கத்தி வேலையைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பொருளே குழப்பம். சன்னபட்டணா பொம்மைகளில் பூசுவது பூச்சி சுரக்கும் அரக்கு. சூட்டில் இளகும், ஸ்பிரிட்டில் கரையும். சீன லாக்கர் வேறு. அது ஒரு மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பால். பச்சையாகத் தோலில் பட்டால் அரித்துக் கொப்புளம் போடும். ஈரமும் கதகதப்பும் உள்ள காற்றில்தான் இறுகும்; இறுகிவிட்டால் ஸ்பிரிட்டில் கரையாது. சிவப்பு நிறம் சாதிலிங்கத்தால் வருவது. ஆமாம், சித்த மருந்தில் பேசப்படும் அதே பாதரசத் தாதுதான்.

மரத்தைச் செதுக்கிச் சிவப்பு அடித்திருக்கிறார்கள் என்று நினைப்பது அடுத்த தவறு. பெரும்பாலும் மரத்தாலான ஒரு கூட்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று, அது காய்ந்ததும் இன்னொன்று என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். நல்ல ஆழம் வேண்டுமென்றால் நூறு பூச்சுக்கு மேலும் போகும், மாதக்கணக்கில் ஆகும். அதன் பிறகுதான் கத்தி இறங்கும், அதுவும் லாக்கரின் கனத்துக்குள் மட்டும். எனவே பூதக்கண்ணாடி வைத்து வெட்டின் பக்கச் சுவரைப் பாருங்கள். அடுக்குகள் கோடு கோடாகத் தெரியலாம். சில பொருட்களில் சிவப்புக்கு நடுவே மெல்லிய கறுப்பு அடுக்கு ஒன்றும் ஓடும். இதழின் அடியில் கத்தி குடைந்து போயிருக்கும். அச்சில் வார்த்ததில் விளிம்பு மொழுக்கென்று இருக்கும், குடைவு இருக்காது, ஓரத்தில் அச்சின் தையல் கோடுகூடத் தெரியலாம். மணி மாலையிலிருந்து நகைப்பெட்டி வரை, சாதிலிங்கத்தின் ஆங்கிலப் பெயரான ‘சின்னபார்’ என்று விற்கப்படுவதில் இந்த ரகம் ஏராளம்.

சரி, இப்போது சின்னங்களுக்கு வருவோம். இங்கே நம் ஊர்ப் பழக்கம் காலை வாரும். வீட்டுக்குள் வௌவால் புகுந்தால் நமக்கு அபசகுனம். சீனத்தில் வௌவாலுக்கும் நற்பேறுக்கும் ஒரே ஓசை, ‘ஃபு’. ஐந்து வௌவால் சேர்ந்தால் ஐவகைப் பேறு. பின்னணிக் கோலமாக வரும் ஸ்வஸ்திகா ‘வான்’, அதாவது பத்தாயிரம், முடிவில்லாமை. சின்னங்களில் பலவும் இப்படி ஓசையில் பிறந்தவை. அதனால் ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்துப் பட்டியல் போட்டுப் படித்தால் பாதிதான் கிடைக்கும். வௌவால், பீச், இரண்டு காசு மூன்றும் ஒரே தட்டில் இருந்தால், பேறும் நீண்ட ஆயுளும் இரண்டும் நிறையட்டும் என்று ஒரே வாழ்த்து. தாமரையும் கெண்டை மீனும் கூடினால் ஆண்டுதோறும் மிச்சம் இருக்கட்டும் என்று பொருள். இதில் மீன் மட்டும் கண்ணில் பட்டு ‘குளக் காட்சி’ என்று எழுதிவைத்த விற்பனைக் குறிப்புகள் பாவம்!

பின்னணியையும் வெறும் நிரப்பல் என்று தாண்டிவிடாதீர்கள். நிலக்காட்சித் தட்டுகளில் வானம், நீர், தரை மூன்றுக்கும் தனித்தனி நுண்கோலம் உண்டு. கட்டங்களுக்குள் சிறு பூக்கள் வந்தால் அது தரை, அலைக்கோடு வந்தால் நீர்.

டிராகனுக்கு ஐந்து நகம் இருந்தால் பேரரசருக்கு உரியது என்பது பொதுவாகச் சரி. ஆனால் நான்குதான் இருக்கிறது என்று உடனே தள்ளிவிடவும் கூடாது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மிங் பேரரசர் ஷுவாந்தே காலத்து (1426–1435) லாக்கர் மேசை ஒன்று இருக்கிறது. அதன் டிராகன்கள் பலவற்றில் ஒரு நகத்தைப் பிற்பாடு யாரோ வேண்டுமென்றே செதுக்கி எடுத்திருக்கிறார்கள். எண்ணும்போது வடுவையும் தேட வேண்டும்.

கைவினைஞர் பெயரோ பேரரசர் காலமோ சொல்லி அடியில் உள்ள முத்திரையை நம்பி ஏமாறுவது தனிக்கதை. மிங்குக்கு முந்தைய யுவான் வம்சக் காலத்துப் பெரும் கைவினைஞர்கள் ஜாங் செங், யாங் மாவ் பெயர்களைப் பிற்காலத்தவர் தாராளமாகக் கீறி வைத்தார்கள். மிங் பேரரசர் யோங்லெ காலத்து (1403–1424) முத்திரை ஊசியால் கீறிய மெல்லிய கோடு. ஷுவாந்தே முத்திரை கத்தியால் வெட்டிப் பொன் நிரப்பியது. யோங்லெ முத்திரைக்கு மேலேயே ஷுவாந்தே முத்திரை போட்ட பொருட்களும் உண்டு. அப்புறம் 18ஆம் நூற்றாண்டில் சிங் வம்சத்துச் சியென்லோங் பேரரசர், தனக்குப் பிடித்த பழைய பொருட்களில் தன் கவிதைகளையே பொறிக்கச் செய்தார். எழுத்தை வைத்து மட்டும் காலம் சொன்னால் முன்னூறு ஆண்டு தவறலாம். வடிவமும் அப்படித்தான். மிங் பேரரசர் ஜியாஜிங் (1522–1566) காலத்தில் ‘வசந்தம்’ என்ற எழுத்தை நடுவில் வைத்துச் செய்த வட்டப் பெட்டியை, சியென்லோங் காலத்தில் மறுபடி செய்தார்கள்.

நம் கரையோடு தொடர்புள்ள ஒரு தவறும் உண்டு. ஐரோப்பியர் ‘கோரமண்டல்’ என்று அழைக்கும் மடக்குத் திரைகள் சோழமண்டலக் கரையில் செய்தவை என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். அவை சீனாவில் செய்தவை. நம் கரைத் துறைமுகங்கள் வழியே கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பலில் போனதால் அந்தப் பெயர். நுட்பமும் வேறு: லாக்கரை வெட்டி, அடியிலுள்ள வெள்ளைப் பூச்சு வரை போய், அந்தப் பள்ளங்களில் வண்ணம் நிரப்புவார்கள். அடுக்கடுக்கான ஆழச் செதுக்கலைத் தேடி அதில் ஏமாற வேண்டாம்.

வீட்டில் ஒன்று இருந்தால் ஈரத்துணி, எண்ணெய், மரச்சாமான் பாலிஷ் மூன்றையும் தள்ளிவையுங்கள். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். வெயில் படும் ஜன்னல் ஓரமும் ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் கூடாது. காற்று மிக வறண்டால் உள்ளிருக்கும் மரம் சுருங்கி லாக்கர் வெடிக்கும். அழுக்கைப் போக்க உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இன்னும் மோசம், பறக்கும் தூளில் பாதரசச் சேர்மம் இருக்கிறது.