பயம் போகாமலேயே ரூட் கெனாலை முடிப்பது எப்படி

பல் டாக்டர் என்றாலே நடுங்குகிறவர்கள்கூட முதல் தடவை போய்விடுவார்கள். ராத்திரி முழுக்கத் தூங்கவிடாத வலியே அவர்களை நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். சிக்கல் இரண்டாவது தடவையில்தான். ரூட் கெனால் என்பது பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து, வேரைக் கழுவி அடைக்கிற சிகிச்சை, பெரும்பாலும் ஒரே தடவையில் முடியாது. முதல் சிட்டிங்கில் நரம்பை எடுத்ததும் வலி பெரும்பாலும் அடங்கிவிடும், பயம் மட்டும் மிஞ்சும். ‘இப்பதான் நல்லாயிருக்கே’ என்று நிறுத்திவிடுவார்கள். பல்லின் மேல் வைத்திருப்பது தற்காலிக அடைப்பு. சில வாரங்களில் அது தேய்ந்து கசிய ஆரம்பிக்கும், எச்சிலோடு கிருமி உள்ளே இறங்கும். தாடை வீங்கி மறுபடி வரும்போது பல நேரம் பல்லைப் பிடுங்குவதுதான் வழியாக இருக்கும். அதனால் முதல் நாளே கடைசி நாள் வரைக்கும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் பார்ப்பது

மொத்தம் எத்தனை சிட்டிங், ஒவ்வொன்றிலும் என்ன செய்வார்கள், எத்தனை நிமிடம், எவ்வளவு செலவு: இந்த நான்கையும் கேட்டு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். முன்பல்லுக்கு ஒன்றிரண்டு, கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு மூன்று, அதற்குப் பிறகு கேப்புக்கு (பல்லின் மேல் மாட்டும் உறை) இரண்டு தடவை என்பது பொதுவான கணக்கு.

விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தோதானது, இடையில் சிட்டிங் தவறாது. கையில் காசு வறண்டு கிடப்பதும் அதே காலம்தான். கட்டணத்தைத் தவணையாகக் கொடுக்கலாமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு.

காலையில் முதல் டோக்கனாக வாங்குங்கள். பயந்தவரை வதைப்பது சிகிச்சையைவிட, உள்ளேயிருந்து மெஷின் சத்தம் வர வெளியே உட்கார்ந்திருக்கும் நேரம்தான். வெறும் வயிற்றோடு போகக் கூடாது. ராமேஸ்வரத்தில் இருந்து விடியற்காலை பஸ் பிடித்து, ஒன்றும் சாப்பிடாமல் வந்து ஊசியைப் பார்த்ததும் மயங்குவது வழக்கமாக நடக்கிறது. ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு மூன்று இட்லி போதும். கடுங்காப்பி வேண்டாம், படபடப்பைக் கூட்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, அதை டாக்டரிடமும் சொல்லுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நோன்பு வைப்பவர்கள் அவசரமில்லாத சிட்டிங்கை நோன்பு திறந்த பிறகோ, பெருநாள் கழித்தோ வைத்துக்கொள்ளலாம். வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

எதற்குப் பயம் என்று சொல்லுங்கள்

‘பயமா இருக்கு டாக்டர்’ என்றால் ‘ஒண்ணும் ஆகாதுங்க’ என்ற பதில்தான் வரும். ஊசியா, சத்தமா, மூச்சு முட்டுமோ என்பதா, மரத்துப்போகாமலே ஆரம்பித்துவிடுவார்களோ என்பதா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

ஊசி என்றால், முதலில் ஈறில் மரப்பு ஜெல் தடவச் சொல்லுங்கள். ஈறைத் துடைத்துவிட்டுத் தடவி ஓரிரு நிமிடம் விட்டால்தான் வேலை செய்யும். அடுத்து, மருந்தை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். ஊசி குத்தும் வலியைவிட, மருந்து வேகமாகப் பாயும்போது ஏற்படும் அழுத்தம்தான் அதிகம் வலிக்கும். ஏற்றிய சில நொடிகளில் நெஞ்சு படபடவென்று அடித்து, கை லேசாக நடுங்கலாம். இந்த இடத்தில்தான் பலர் ‘ஹார்ட் அட்டாக்’ என்று எழுந்து உட்காருகிறார்கள். மரப்பு மருந்தான லிக்னோகெய்னோடு, அது அந்த இடத்திலேயே தங்குவதற்காகக் கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கும். படபடப்பு அதனால் வருவது, சில நிமிடத்தில் இறங்கிவிடும். இதய நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் அட்ரினலின் அளவைக் குறைப்பார்கள், அல்லது அது இல்லாத மருந்து போடுவார்கள்.

கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் போட்ட ஊசி பிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகலாம். அந்தப் பக்கத்துக் கீழ் உதடு பாதி தடித்துப்போன மாதிரி இருக்க வேண்டும். உதடு மரக்கவில்லை என்றால் ‘பரவாயில்லை’ என்று வாயைத் திறக்காதீர்கள். உதடு மரத்தும் பல் கூசலாம். சீழும் அழற்சியும் உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது. உங்கள் உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை. இன்னொரு ஊசி, அல்லது பல்லுக்கு உள்ளேயே ஒரு சொட்டு என்று வேறு வழிகள் இருக்கின்றன.

ஊசியைக் கண்டதும் மயங்குகிற ஆளென்றால் உடம்பைத் தளர்த்தாதீர்கள். கை, தொடை, வயிற்றுத் தசைகளை 10–15 நொடி இறுக்குங்கள், முகம் சூடாகும். 20–30 நொடி விட்டு மறுபடி இறுக்குங்கள், ஐந்து தடவை. விழுகிற ரத்த அழுத்தத்தை இது தூக்கிப் பிடிக்கும். கையில் ஊசி போடும்போது ‘அந்தக் கையை மட்டும் தளர்வாக வையுங்கள்’ என்று சொல்லும் ஆலோசனை இங்கே பொருந்தாது, குத்துவது வாயில்தானே!

மூச்சு முட்டும், குமட்டும் என்பவர்கள் ரப்பர் டேம் போடச் சொல்லிக் கேளுங்கள். பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடுகிற மெல்லிய ரப்பர் விரிப்பு அது. தண்ணீரும் மருந்தும் தொண்டைக்குள் போகாது. எக்ஸ்ரே வைக்கும்போது குமட்டினால் ஒரு காலை நாற்காலியில் இருந்து சற்றுத் தூக்கிப் பிடியுங்கள், கவனம் அங்கே போய்விடும். நாக்கு நுனியில் இரண்டு கல் உப்பு வைத்தாலும் சிலருக்குக் கேட்கிறது.

சத்தமென்றால் ஒரு காதில் இயர்போன் போதும். மெஷின் ஓடுவது தொடக்கத்தில்தான் அதிகம். பிறகு மெல்லிய கம்பி போன்ற ஃபைலால் வேரின் உள்பக்கத்தைச் சுரண்டுவார்கள். இடையில் ஒரு கருவி பீப் பீப் என்று கத்தும். அது வேரின் நீளத்தை அளக்கிறது, ஆபத்து மணி இல்லை. பிளீச்சிங் பவுடர் வாடை வந்தால் வேரைக் கழுவுகிறார்கள் என்று அர்த்தம். தொண்டைக்குள் கசப்பாக இறங்கினால் மட்டும் உடனே கையைத் தூக்குங்கள்.

கையைத் தூக்குவதை ஆரம்பிக்கும் முன்பே பேசி வையுங்கள்: இடது கை மேலே போனால் நிறுத்த வேண்டும். வலிக்காதபோதே ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். நிறுத்தினார் என்றால் பாதிப் பயம் அங்கேயே கரைந்துவிடும். திரும்பத் திரும்பத் தூக்கியும் நிறுத்தாதவரிடம் அடுத்த சிட்டிங் போக வேண்டியதில்லை, எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு வேறு டாக்டரைப் பாருங்கள்.

மூச்சுக்கு: மூக்கால் நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். இதை நாற்காலியில் போய்ப் படித்துக்கொள்ள முடியாது. மூன்று நாள் முன்பிருந்து, வீட்டில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பழகுங்கள்.

தைரியத்துக்கு ‘கட்டிங்’ போட்டுவிட்டு வராதீர்கள். பதற்ற மாத்திரை டாக்டர் கொடுத்தால் மட்டும்தான். அன்று பைக் ஓட்டக் கூடாது, கூட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள், மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று கதை சொல்கிறவராக இருக்கக் கூடாது. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

வீட்டுக்கு வந்த பிறகு

மரப்பு இரண்டு முதல் நான்கு மணி நேரம் இருக்கும். அதுவரை மீன் வேண்டாம். மரத்த வாய்க்குச் சூடை மீன் முள் தெரியாது, உதட்டையே கடித்தாலும் தெரியாது. மரப்பு விடும் முன்பே, சாப்பிட்டுவிட்டு, டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் போடுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் இபுப்ரோஃபெனைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. கிராம்புத் தைலத்தை ஈறில் ஊற்றினால் வெந்துபோகும். கடிக்கும்போது இரண்டு மூன்று நாள் நோவது சகஜம். வீக்கம் பெருகினாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ அன்றே போங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் 108.

சங்கு குளிப்பவர்களும், பாசி எடுக்க மூழ்கும் பெண்களும் தற்காலிக அடைப்போடு மூழ்க வேண்டாம். அடைப்புக்கு அடியில் சிக்கிய காற்று நீரழுத்தத்தில் பல்லைப் பிளப்பது போல வலிக்க வைக்கும்.

அடுத்த தேதியை நாற்காலியை விட்டு இறங்கும் முன்பே வாங்கி வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அதே சீட்டில் இரண்டு எண் எழுதுங்கள்: போகும் முன் பத்துக்கு எவ்வளவு பயந்தேன், உண்மையில் எவ்வளவு கஷ்டப்பட்டேன். 9, 3 என்று எழுதிய சீட்டு அடுத்த சிட்டிங்கின் முந்தைய ராத்திரிக்கு உதவும்.

கேப்புக்குப் பல்லைச் செதுக்கும் நாளில் உள்ளே நரம்பு இருக்காது, ஈறுக்கு மட்டும் ஊசி தேவைப்படலாம். அளவெடுக்கும் மாவு கெட்டியாகச் சில நிமிடம் ஆகும். அப்போது தலையைச் சற்று முன்னால் சாய்த்து மூக்கால் மூச்சு விடுங்கள். வலியில்லை என்று இதையும் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். கேப் போடாத கடைவாய்ப்பல் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்டு ஓட்டைக் கடிக்கும்போது இரண்டாகப் பிளந்துவிடும்.