சாவியை உருவினால் மட்டும் போதாது: ஸ்டியரிங் லாக் போடுவது எப்படி

காரைக்குடியில் சாவிக்கடை வைத்திருக்கிறேன். டூப்ளிகேட் சாவி போடுவது, வண்டிக்கு லாக் செட் மாற்றுவது, சாவியைத் தொலைத்தவர்கள் கூப்பிட்ட இடத்துக்குப் போய்க் கதவைத் திறந்து கொடுப்பது, பழைய இரும்புப் பெட்டகத்துக்குச் சாவி அடிப்பது, இதுதான் என் தொழில். கார் வைத்திருக்கிற பலர் கவனிக்காத ஒரு பூட்டைப் பற்றி இங்கே சொல்கிறேன். கார் வாங்கும்போதே அதற்குள் சேர்ந்து வருகிற பூட்டு அது. தனியாகக் காசு கொடுக்க வேண்டாம், எதையும் தூக்கி மாட்டவும் வேண்டாம். ஆனாலும் அதைப் போட்டுவிட்டு இறங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாவியை உருவுகிறார்கள், ரிமோட்டை அமுக்குகிறார்கள், சத்தம் வந்ததும் போய்விடுகிறார்கள். ரிமோட் பூட்டுவது கதவை. கண்ணாடியை உடைத்து உள்ளே வந்துவிட்டவனைத் தடுக்க மிச்சமிருப்பது, ஸ்டியரிங்கைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கிற ஸ்டியரிங் லாக்.

எங்கள் ஊர்ப்பக்கம் இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முகப்பு இந்தத் தெரு, பின்வாசல் அந்தத் தெரு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எங்கே போனாலும் இப்படிப்பட்ட வீடுகளைப் பார்க்கலாம். முகப்பில் பந்தல் போட்டு விசேஷம் நடக்கும்போது கார்கள் பின்தெருவுக்குப் போய்விடும். அங்கே இரண்டு பக்கமும் உயரமான சுவர், பாதி வீடுகளில் ஆளே இல்லை. ராத்திரியில் ஒருவன் காருக்குள் உட்கார்ந்து நிதானமாக வேலை பார்த்தாலும் யாரென்று கேட்க நாதி கிடையாது. அந்த இடத்தில் அவனுக்கு வேலையைக் கூட்டுகிற எதுவும் நமக்கு லாபம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

பழுதான லாக் ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினால் யாருக்கும் ஒரே நிமிஷத்தில் புரிந்துவிடும். சாவி போடுகிற பேரலுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங், அதன் முனையில் சுண்டுவிரல் பருமனில் ஓர் எஃகுத் துண்டு. ஸ்டியரிங்கிலிருந்து கீழே இறங்குகிற தண்டில் அந்தத் துண்டு நுழைவதற்கென்றே காடி வெட்டியிருக்கும். சாவி உள்ளே இருக்கும் வரை ஒரு சின்ன நெம்பு அந்தத் துண்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருக்கும். சாவியை லாக் நிலைக்குத் திருப்பி வெளியே உருவியதும் நெம்பு விட்டுவிடும், ஸ்பிரிங் துண்டை முன்னால் தள்ளும். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது போலத்தான்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். சாவியை உருவிய நொடியில் காடி துண்டுக்கு நேராக இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லாவிட்டால் துண்டு தண்டின் மேல் சும்மா உரசிக்கொண்டு நிற்கும், பூட்டு விழுந்திருக்காது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் காடி நேருக்கு வரும், துண்டு 'டக்'கென்று இறங்கும். அந்த டக் கேட்டால்தான் பூட்டியதாக அர்த்தம்.

போடும் முறை

வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில் போடுங்கள், பல வண்டிகளில் அதில் போடாமல் சாவி வெளியே வராது. சாவியை லாக் வரைக்கும் திருப்பி உருவுங்கள். சில மாடல்களில் சாவியை லேசாக உள்ளே அமுக்கித்தான் கடைசிப் படிக்குத் திருப்ப முடியும். பிறகு ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்து ஏதாவது ஒரு பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். இன்ஜின் ஓடாததால் கனமாக இருக்கும், அதுதான் இயல்பு. டக் என்று விழுந்ததும் மறுபக்கமும் ஓர் அசைப்பு அசைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் நகராமல் நின்றால் சரி, இறங்கலாம். விழுந்த பிறகு முழு பலத்தோடு முறுக்காதீர்கள், துண்டில் தேவையில்லாமல் பாரம் ஏறும்.

நிறுத்துவதற்கு முன்பே சக்கரத்தைத் தெருவோரம் பார்த்து ஒடித்துவிட்டுப் பூட்டுவது என் பழக்கம். முன்சக்கரம் ஒடிந்தபடி பூட்டிய காரைத் தள்ளிக்கொண்டு போனாலும் நேராகப் போகாது, ஒரே பக்கமாக வளைந்து சுவரில்தான் முட்டும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டி வைத்திருப்பவர்கள் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அவற்றில் சில வண்டிகளில் சின்ன மோட்டார் ஒன்று இதே வேலையைச் செய்கிறது. ஆஃப் செய்து, கதவைத் திறந்து, ஸ்டியரிங்கை அசையுங்கள். பூட்டிக்கொண்டால் நல்லது. எத்தனை முறை செய்தும் பூட்டிக்கொள்ளவில்லை என்றால் உங்கள் மாடலில் அந்த வசதி இல்லாமலே இருக்கலாம். வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். இல்லை என்றால் ஸ்டியரிங் வளையத்தில் மாட்டுகிற இரும்புக் கம்பிப் பூட்டு ஒன்று வாங்கிவிடுங்கள்.

சாவி திரும்பாவிட்டால்

எனக்கு வருகிற அவசர ஃபோன்களில் நிறைய இந்த வகைதான். "தம்பி, சாவி திரும்ப மாட்டேங்குது, பிள்ளைகளுக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்று ஆச்சி ஒருவர் பதறிக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் முன்சக்கரம் வாசற்படிக் கல்லில் அழுத்தி நிற்கிறது. டயரின் விறைப்பு தண்டை ஒரு பக்கம் தள்ள, தண்டு அந்த எஃகுத் துண்டை நசுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிரைவர் தம்பி இரண்டு கையாலும் சாவியை முறுக்கிக்கொண்டிருந்தார். அப்படி முறுக்கினால் சாவி வளையும், இல்லையென்றால் பாதி உள்ளேயே ஒடிந்துவிடும். பிறகு பேரலையே கழற்ற வேண்டியதுதான், செலவு இழுத்துக்கொண்டே போகும்.

செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். சாவியை முழுதாக உள்ளே செலுத்துங்கள். இடது கையால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கல் மாதிரி நிற்கும், இன்னொரு பக்கம் துளி இடம் கொடுக்கும். இடம் கொடுக்கிற பக்கமாக ஸ்டியரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதே நேரத்தில் வலது கையால் சாவியை லேசாகத் திருப்புங்கள். துண்டின் மேலிருந்த பாரம் விலகியதும் சாவி வெண்ணெயாகத் திரும்பும். இரண்டு கையும் ஒரே சமயத்தில் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆச்சியின் கார் அப்படித்தான் கிளம்பியது, நான் பையைத் திறக்கவே இல்லை.

அப்படியும் திரும்பவில்லை என்றால் வீட்டில் இருக்கிற இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். தினமும் புழங்குகிற சாவியின் பற்கள் தேய்ந்து மழுங்கிப் போயிருக்கும். ஸ்பேர் சாவியில் திரும்பினால் பேரல் நன்றாக இருக்கிறது, குறை சாவியில்தான். அந்த ஸ்பேரை வைத்து டூப்ளிகேட் போடச் சொல்லுங்கள். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே புதுச் சாவியில் வரும்.

பேரலுக்குள் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதுவும் வேண்டாம். எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி எண்ணெயோடு சேர்ந்தால் உள்ளே குழம்பாகி இறுகிவிடும். அப்படி இறுகின பேரலைக் கழுவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கிராஃபைட் பவுடர் துளி போதும். அவசரத்துக்குப் பென்சில் முனையைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து நாலைந்து முறை உள்ளே விட்டு எடுங்கள்.

செய்யக் கூடாதவை

வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை ஆஃப் செய்யவே கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வருகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. சாவி லாக் வரை போய்க் கையோடு வெளியே வந்துவிட்டால், அடுத்த வளைவில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் இல்லாவிட்டால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். இது உயிர் விஷயம். குழந்தைகளைக் காரில் விட்டுவிட்டு இறங்கும்போது சாவியை வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பழுதான காரைக் கயிறு கட்டி இழுத்து வரும்போது சாவி உள்ளே இருக்க வேண்டும், ஏசிசி (இன்ஜின் ஓடாமல் ரேடியோ மாதிரிச் சாமான்கள் மட்டும் வேலை செய்கிற நிலை) அல்லது ஆன் நிலையில். பேட்டரி செத்துவிட்டதே என்று சாவியை உருவி வைத்தால் முதல் திருப்பத்திலேயே ஸ்டியரிங் பூட்டிக்கொண்டு பின்னால் வருகிற கார் வயலுக்குள் போய்விடும்.

பிள்ளையார்பட்டி, குன்றக்குடி போன்ற கோயில் கூட்டத்தில் அடுத்தடுத்து நெருக்கி நிறுத்தும்போது, "நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க, தள்ளிக்கிடுவோம்" என்று சொல்வார்கள். கல்யாண வீட்டிலும் இதே பேச்சு. நான் ஒத்துக்கொள்வதில்லை. பூட்டிவிட்டு, ஃபோன் நம்பரைப் பெரிதாக எழுதிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவேன். கூப்பிட்டால் இரண்டு நிமிஷத்தில் வந்து எடுத்துக்கொடுக்கலாம். யார் வேண்டுமானாலும் தள்ளுகிற வண்டியை யார் வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு போகலாம்.

பைக்குக்கு சைடு லாக்

பைக்கில் பூட்டு தானாக விழாது. ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்து, சாவியை அமுக்கித் திருப்பினால்தான் துண்டு ஃபிரேமில் உள்ள துளைக்குள் போகும். சாவியை உருவிய பிறகு ஹேண்டிலை ஆட்டிப் பார்த்துவிட்டு நகருங்கள். பைக்கின் துண்டு சின்னது, பலமானவன் ஹேண்டிலை உதைத்து உடைத்துவிடுகிறான். அதனால் ராத்திரி தெருவில் நிற்கிற பைக்குக்கு சைடு லாக்கோடு பின்சக்கரத்தில் ஒரு சங்கிலியும் வேண்டும். சங்கிலிக்குத் திண்டுக்கல் பூட்டாகப் பார்த்து வாங்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, கையால் செய்தது, நான் பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

பழைய வண்டிக்காரர்களுக்கு

எங்கள் ஊர்களில் பழைய அம்பாசிடரும் ஃபியட்டும் பாசத்தோடு பாதுகாக்கப்படுகின்றன. டேஷ்போர்டில் சாவி போடுகிற பல பழைய வண்டிகளில் ஸ்டியரிங் லாக்கே கிடையாது. திருடனுக்கு எது சுலபம் என்பது தெரியும். மேற்கு ஜெர்மனியில் 1960களின் தொடக்கத்தில் புதுசு பழசு பார்க்காமல் எல்லாக் கார்களுக்கும் இந்த மாதிரிப் பூட்டைக் கட்டாயமாக்கினார்கள், கார் திருட்டு சட்டென்று இறங்கியது. பிரிட்டனில் 1971இல் புதுக் கார்களுக்கு மட்டும் கொண்டுவந்தார்கள். திருடர்கள் புதுக் காரை விட்டுவிட்டுப் பழைய காரைத் தேடிப் போனார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கம்பிப் பூட்டுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கின் வளையத்தில் மாட்டுகிற கம்பி வெளியிலிருந்தே கண்ணில் படும், அதைப் பார்த்தே பலபேர் விலகிவிடுவார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: இந்தப் பூட்டு எல்லாவற்றையும் தடுத்துவிடாது. காரை அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவனிடம் இது செல்லாது. சாவியில் உள்ள சிப்பை அடையாளம் கண்டால்தான் இன்ஜினைக் கிளம்பவிடுகிற இம்மொபிலைசர் இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும், ஸ்டியரிங் லாக் சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து இருக்கட்டும்.

வெளிநாட்டிலோ சென்னையிலோ இருந்துகொண்டு காரை இங்கே விட்டுப் போகிறவர்கள் ஸ்பேர் சாவியை கார் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று என்று பிரித்து வையுங்கள். புது வண்டியோடு சாவி நம்பர் அடித்த சின்னத் தகடு கொடுத்திருந்தால் அது ஆர்.சி. புத்தகத்தோடு வீட்டில் இருக்கட்டும். அந்த நம்பர் கிடைத்தால் சாவி இல்லாமலே சாவி வெட்டிவிடலாம். வண்டி போய்விட்டால் அன்றைக்கே போலீஸில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள், இன்ஷூரன்ஸுக்கும் உடனே சொல்லுங்கள். அவர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று இல்லை என்றால் விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோவீர்கள், ஆகவே தொலைந்த சாவிக்கு இன்றைக்கே மாற்றுச் சாவி போட்டு, பில்லையும் பத்திரமாக வையுங்கள்.