மேடைக்கு முதுகைக் காட்டுங்கள்: காமிக் கானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காமிக்ஸ், கார்ட்டூன் ரசிகர்கள் கூடும் விழாதான் காமிக் கான். டெல்லியில் 2011-லேயே தொடங்கிவிட்ட அது, சென்னைக்கு வந்தது 2024 பிப்ரவரியில்தான். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் இரண்டு நாள் நடந்தது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இதழ் இரும்புக்கை மாயாவி என்ற நாயகனோடு கிளம்பியபோது அதைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் இன்று தாத்தாக்கள். காமிக்ஸ் நமக்குப் பழசு, காமிக் கான்தான் புதுசு. அதனால் சிலர் புத்தகக் கண்காட்சிக்கு வருவதைப் போல வருகிறார்கள், பலர் ஆடியோ லாஞ்சுக்கு வருவதைப் போல வருகிறார்கள். இந்த இரண்டாவது வகைதான் சிக்கல். பார்க்க வருகிறவரும் சரி, நடத்துகிறவரும் சரி, கண்ணை மேடையிலேயே வைத்திருப்பதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

முதலில், எதற்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பழைய முத்து, லயன் இதழ்களைத் தேடிக்கொண்டு வந்து ஏமாந்து திரும்பினால் அது விழாவின் குற்றமல்ல. இங்கே மங்கா எனும் ஜப்பானிய காமிக்ஸ், அனிமே எனும் ஜப்பானிய அனிமேஷன், வீடியோ கேம், டி-ஷர்ட், பொம்மைகளின் கை ஓங்கியிருக்கும். தமிழ் காமிக்ஸ் வேண்டுமென்றால் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிதான் நல்ல இடம். காமிக் கானில் யார் யார் ஸ்டால் போடுகிறார்கள் என்ற பட்டியல் முன்கூட்டியே வெளியாகும். அதைப் பார்க்காமல் டிக்கெட் எடுப்பவர்கள்தான் "ஒண்ணுமே இல்ல சார்" என்று புலம்பிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் கூட்டம் சத்தம் வருகிற பக்கம் ஓடும். நீங்கள் ஓவியர்கள் வரிசையாக மேசை போட்டிருக்கும் பக்கம் போங்கள். காலை நேரத்தில் அங்கே நெரிசல் இருக்காது, வரைந்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பார். எந்த மையில் வரைந்தார், ஒரு பக்கத்துக்கு எத்தனை நாளாகிறது, அடுத்து என்ன கதை என்று நிதானமாகப் பேசலாம். மதியத்துக்கு மேல் அது நடக்காது. ஆனால் பேச்சு சுவாரசியமாகிவிட்டது என்பதற்காக மேசையை மறித்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்காதீர்கள். பின்னால் வாங்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அந்த மேசைக்கு ஓவியர் வாடகை கட்டியிருக்கிறார்.

பேரம் பேசுவது இன்னொன்று. "தம்பி, ரெண்டும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குக் குடுப்பா" என்று ரங்கநாதன் தெருவில் கேட்கலாம். இங்கே விலையில் அச்சுக்கூலியும் ரயில் டிக்கெட்டும் தங்கும் செலவும் இருக்கின்றன. வாங்க முடியாவிட்டால் வாங்க வேண்டாம், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. வாங்காமல் ஓவியத்தைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டு போவதுதான் அவர்களுக்கு எரிச்சல். "என் பொண்ணுக்குச் சும்மா ஒரு படம் வரைஞ்சு குடுங்களேன்" என்பதும் அப்படித்தான். ஒரு தையல்காரரிடம் போய்ச் சும்மா ஒரு சட்டை கேட்போமா?

வாங்கிய ப்ரிண்ட்டை, அதாவது அச்சிட்ட ஓவியத்தை, மடித்துப் பையில் திணிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. வீட்டிலிருந்தே ஓர் அட்டைக் குழாய் கொண்டுவாருங்கள். கையில் கொஞ்சம் ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளும் இருக்கட்டும். அரங்கம் நிரம்பினால் சிக்னல் தள்ளாடும், எல்லோருடைய போனிலும் ஒரே நேரத்தில் ஜிபே சுற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்து காஸ்ப்ளே, அதாவது பிடித்த கதாபாத்திரம் போல வேடம் போட்டு வருவது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து உடை தைப்பவர்கள் சென்னை வெயிலைக் கணக்கில் எடுப்பதில்லை. பிப்ரவரியிலும் நடுப்பகலில் முப்பது டிகிரியைத் தாண்டும், புழுக்கம் தனி. க்ளூ கன்னால், அதாவது பசையைச் சூடாக்கி உருக்கும் கருவியால், ஒட்டிய கவசம், வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிவிடும். ஃபோம் ஷீட்டுக்கு ரப்பர் பசைதான் தாங்கும். அதையும் காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தூரமாக வைத்து ஒட்ட வேண்டும். முகமூடி போட்டால் பக்கவாட்டில் கண் தெரியாது, காலடியில் ஓடும் குழந்தையும் தெரியாது. கூட ஒரு ஆள் கட்டாயம். தண்ணீர் கொடுக்க, படிக்கட்டு வந்தால் சொல்ல, கழிவறைக்குப் போக முதுகு ஜிப்பைத் திறந்துவிட. கடைசிச் சங்கதியை யோசிக்காமல் உடை தைத்தவர்கள் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் சமாளிப்பார்கள், பிறகு மயங்கி விழுவார்கள்.

வாள், துப்பாக்கி விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். உலோகமும் கூர்முனையும் உள்ளே விடப்படாது, நிஜம் போலத் தெரியும் துப்பாக்கியும் வாசலிலேயே தங்கிவிடும். அரங்கத்துக்குள் பொம்மை என்று எல்லோருக்கும் தெரியும். ஆலந்தூர் மெட்ரோவில் பையைச் சோதிப்பவருக்கு எப்படித் தெரியும்? துணியில் சுற்றிப் பைக்குள் கொண்டுவாருங்கள், கேட்டால் பொறுமையாகத் திறந்து காட்டுங்கள்.

படமெடுக்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்டுவிட்டு எடுங்கள், தோளில் கை போடாதீர்கள், நடைபாதையை அடைக்காமல் ஓரமாக அழைத்துப் போய் எடுங்கள். வேடம் போட்டிருப்பது தொடுவதற்கான அனுமதி இல்லை என்று நியூயார்க் காமிக் கானில் 2014-லேயே பெரிய பலகை வைத்தார்கள். இங்கேயும் அது வாசலிலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தால் கூட வந்த பெரியவரிடமும் கேட்க வேண்டும்.

சரி, நடத்துகிறவர்கள் பக்கம் வருவோம். வாலன்டியராகப் பெயர் கொடுக்கும் பலரும் விருந்தினரைப் பக்கத்தில் பார்க்கலாம் என்ற ஆசையில் வருகிறார்கள். கிடைக்கும் வேலையோ கழிவறை எங்கே என்று வழி சொல்வது. இதை ஆள் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் முதல் நாள் மதியமே பாதிப் பேர் மேடைக்கு முன்னால் நிற்பார்கள், வாசலில் ஆள் இருக்காது. இன்னொரு பக்கம், காலை எட்டு மணிக்கு வந்த பிள்ளைகளை இரவு வரை நிற்கவைத்துவிட்டு ஒரு சமோசாவோடு அனுப்புகிற வழக்கமும் இருக்கிறது. முறை போட்டு மாற்றிவிட வேண்டும், சாப்பாடு நேரத்துக்கு வர வேண்டும். தெரியாததைக் கேட்டால் குத்துமதிப்பாகச் சொல்லாமல் "இருங்க அண்ணா, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லப் பழக்க வேண்டும். ஒரு தவறான தகவல் ஐந்து நிமிடத்தில் அரங்கம் முழுக்கப் பரவிவிடும்.

வரிசைதான் இந்த விழாவின் உயிர்நாடி, அதில்தான் சொதப்பலும் அதிகம். கையெழுத்து வாங்க நீளும் வரிசை பக்கத்து ஸ்டாலை மறைத்துவிடும், அன்றைக்கு அவருக்கு வியாபாரம் போச்சு. வரிசை எங்கே முடிகிறது என்று தெரியாததால் நடுவில் புகுவார்கள், சண்டை வரும். டோக்கியோவில் 1975 முதல் நடக்கும் காமிக்கெட் என்ற காமிக்ஸ் சந்தையில் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறார்கள். 'வரிசையின் கடைசி இதுதான்' என்ற பலகையைக் கடைசியில் நிற்பவரே பிடித்துக்கொள்வார், புதிதாக வருகிறவர் அதை வாங்கிக்கொள்வார். அங்கே வாங்க வருகிறவர், விற்கிறவர், வேலை செய்கிறவர் எல்லோரும் பங்கேற்பாளர்களே, வாடிக்கையாளர் என்று யாரும் இல்லை என்பது கொள்கை. ஒரு அட்டைப் பலகைக்கு என்ன செலவாகிவிடும்? நம் ஊரிலும் செய்து பார்க்கலாம். கூடவே, விருந்தினர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போட முடியும் என்று கணக்குப் பார்த்து அத்தனை டோக்கன் மட்டும் கொடுங்கள். கிடைக்காது என்பதை முதலிலேயே சொன்னால் கோபம் குறைவு. இரண்டு மணி நேரம் நின்ற பிறகு சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அறிவிப்புகளை ஆங்கிலத்தில் மட்டும் செய்வது இன்னொரு தவறு. பிள்ளைகளோடு வந்த அம்மா அப்பாக்கள், தாத்தா பாட்டிகள், கூடவே செக்யூரிட்டி ஊழியர்கள் என்று எல்லோரும் அதைக் கேட்டுத்தான் நகர வேண்டும்.

குழந்தை காணாமல் போனால் உடனே மைக்கைப் பிடித்து "சிவப்புச் சட்டை, ஆறு வயது, பெயர் இன்னது" என்று அறிவிக்கத் துடிப்பார்கள். கூடாது. கூட்டத்தில் கெட்ட எண்ணத்தோடு யாராவது இருந்தால் அந்தத் தகவல் அவருக்கும் போய்ச் சேரும். அடையாளத்தை வாக்கி டாக்கியில் வாசல் ஆட்களுக்கு மட்டும் சொல்ல வேண்டும். தனியாக நிற்கும் குழந்தை கிடைத்தால் பெற்றோரைப் பெயர் சொல்லித் தகவல் மேசைக்கு அழைத்தால் போதும். அந்தக் குழந்தையோடு எப்போதும் இரண்டு வாலன்டியர்கள் இருக்க வேண்டும், ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது. வருகிற வழியிலேயே பிள்ளையின் கையில் போன் நம்பரை எழுதிவிடுகிற பெற்றோர் புத்திசாலிகள்.

பெரிய விழாவுக்குக் காத்திராமல் பத்து நண்பர்கள் சேர்ந்து சிறிய கூட்டம் நடத்துவதும் நல்ல யோசனைதான். அமெரிக்காவின் சான் டியாகோ காமிக் கானே 1970-இல் ஒரு ஹோட்டலில் ஒரே நாள் கூட்டமாகத் தொடங்கியதுதான். ஆனால் போஸ்டரில் எடுத்த எடுப்பில் ஒரு பிரபல சூப்பர் ஹீரோ படத்தைப் போட்டுவிடாதீர்கள். அந்தப் படத்துக்கு உரிமையாளர் இருக்கிறார், நீங்கள் டிக்கெட்டும் விற்கிறீர்கள். உங்கள் கூட்டத்திலேயே வரையத் தெரிந்த ஒருவர் இருப்பார், காசு கொடுத்து அவரை வரையச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டு போடுவதற்கும் உரிமம் வாங்க வேண்டும், இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.

கடைசி மணி நேரத்தை யாரும் திட்டமிடுவதில்லை. நிறைவு விழா முடிந்ததும் வாலன்டியர்கள் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஸ்டால்காரர்கள் பெட்டியோடு நிற்பார்கள், லோடு வண்டிகள் எல்லாம் ஒரே வாசலில் முட்டும், வெளியே மவுண்ட் பூந்தமல்லி சாலை அசையாது. அரங்கத்தை வாடகை நேரத்துக்குள் ஒப்படைக்காவிட்டால் கூடுதல் பணமும் போகும். பகலில் வேலை செய்யாத புது ஆட்களை மாலை ஆறு மணிக்கு வரச்சொல்லுங்கள். எந்த வரிசை ஸ்டாலின் வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வரலாம் என்று காலையிலேயே சீட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த ஆட்களுக்கு இரவுச் சாப்பாட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.