வெளிநாட்டில் வாங்கிய பாய்மரப் படகு: பழைய பதிவை முதலில் நீக்குங்கள்

பிரான்சில் செகண்ட் ஹேண்ட் யாட் வாங்கி பிரிட்டன் கொடிக்கு, அதாவது பிரிட்டன் பதிவுக்கு, மாற்றப் போகிறீர்களா? விற்பனைப் பத்திரம் வந்ததும் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு படகு ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிவாகி இருக்கக் கூடாது. பழைய பதிவு நீக்கப்பட்டதற்கான சான்றிதழ் வேண்டும், அதற்கு விற்பவரின் ஒத்துழைப்பு தேவை. பணம் போன பிறகு அவரைத் துரத்துவது பெரும்பாடு. அந்தச் சான்றிதழ் வரும்வரை கடைசித் தவணையை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பிரிட்டனில் வசிப்பவர்கள் 24 மீட்டருக்குக் குறைவான படகை பிரிட்டன் கப்பல் பதிவேட்டின் மூன்றாம் பகுதியில் பதியலாம், மலிவு, சுலபம். ஆனால் அது உரிமைக்குச் சட்டப்படியான ஆதாரம் ஆகாது. கடன் வாங்கிப் படகு எடுத்தால் முதல் பகுதிதான் சரி, அடமானத்தையும் அதில் பதியலாம்.

அப்புறம் ரேடியோ. படகின் விஎச்எஃப் ரேடியோ கருவியில் உள்ள எம்எம்எஸ்ஐ எண், அதாவது படகை அடையாளம் காட்டும் எண், பழைய கொடிக்கு உரியது. பிரான்ஸ் என்றால் 226, 227 அல்லது 228 என்று தொடங்கும். புது எண் வாங்கி ஏஐஎஸ் (படகின் இருப்பிடத்தை மற்றக் கப்பல்களுக்குக் காட்டுவது), இபிர்ப் (ஆபத்தில் அவசர சமிக்ஞை அனுப்புவது) கருவிகளிலும் மாற்றுங்கள். பல கருவிகளில் நாமே திருத்த முடியாது, டீலரிடம் கொடுக்க வேண்டியிருக்கும். இபிர்ப்பை உங்கள் பெயரில், வீட்டார் தொலைபேசி எண்ணுடன் பதிவதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஆபத்து நேரத்தில் மீட்புக் குழு அழைப்பது அந்த எண்ணைத்தான்.